செயின்சாவுக்குப் புதுச் செயின்: எண்கள் கேட்பதும் மரம் கேட்பதும்

ஹார்டுவேர் கடைக்குப் போய் "22 இன்ச் செயின் ஒண்ணு கொடுங்க" என்று கேட்பதுதான் நம் ஊரில் வழக்கம். கடைக்காரரும் ஒரு பெட்டியை எடுத்து நீட்டுவார். வீட்டுக்கு வந்து மாட்டிப் பார்த்தால், செயின் ஓடும் நீண்ட தகடான பாரைச் சுற்றிவர எட்டாது. இல்லாவிட்டால் டென்ஷன் ஸ்க்ரூவைக் கடைசிவரை திருகியும் தொங்கிக்கொண்டே இருக்கும். இவையாவது உடனே தெரிந்துவிடும். பொருந்தியதுபோலவே உட்கார்ந்து, ஓட ஓட, அதை இழுக்கும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டை அரைத்துவிடுகிற செயின்தான் உண்மையான செலவு வைக்கும்.

இன்ச் என்பது பாரின் அளவு. செயினின் அளவு மூன்று எண்கள்: பிட்ச் (இணைப்புகளுக்கு இடையிலான தூரம்), கேஜ் (பாரின் பள்ளத்துக்குள் ஓடும் கீழ்ப்பல்லின் தடிமன்), டிரைவ் லிங்க் (அந்தக் கீழ்ப்பல்) எண்ணிக்கை. இந்த மூன்றிலும் நமக்கு விருப்பம் என்று எதுவும் கிடையாது. மெஷினும் பாரும் கேட்பதைத்தான் கொடுத்தாக வேண்டும். பல்லின் வடிவம், கம்பெனி, விலை, பழையதையே தீட்டி ஓட்டுவதா புதிது வாங்குவதா என்ற தேர்வெல்லாம் அதற்குப் பிறகுதான். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கம்பெனியைப் பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டு எண்களை ஊகத்துக்கு விட்டுவிடுகிறார்கள்.

மூன்று எண்கள்

முதலில் பாரைக் கழற்றித் துடைத்துப் பாருங்கள். மெஷினுக்குள் போகும் வால் பகுதியில் பெரும்பாலும் மூன்று எண்களும் பொறித்திருக்கும். ".325, .058, 72" என்பது போல இருந்தால் வேலை முடிந்தது: பிட்ச் .325 இன்ச், கேஜ் .058 இன்ச் (1.5 மி.மீ.), 72 டிரைவ் லிங்க். அதை அப்படியே ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு கடைக்குப் போகலாம்.

எழுத்து தேய்ந்துவிட்டால் பழைய செயினைப் பாருங்கள். பாரின் பள்ளத்துக்குள் ஓடுகிற கீழ்ப்பல்தான் டிரைவ் லிங்க். ஆரிகன் கம்பெனிச் செயினில் அதன் மேலேயே ஓர் எண் இருக்கும். 90 என்றால் லோ புரொஃபைல் 3/8 (உயரம் குறைந்த சின்ன 3/8), கேஜ் 1.1 மி.மீ. 91 என்றால் அதே பிட்ச், 1.3 மி.மீ. 20, 21, 22 மூன்றும் .325 பிட்ச்; கேஜ் முறையே 1.3, 1.5, 1.6 மி.மீ. 72, 73, 75 மூன்றும் பெரிய 3/8. கேஜ் அதே வரிசையில். ஸ்டில் கம்பெனிச் செயினில் இரண்டு இடத்தில் பார்க்க வேண்டும். பல்லுக்கு முன்னால் இருக்கும் சின்ன மேட்டில் பிட்ச் எண் இருக்கும்: 2 என்றால் .325, 3 என்றால் 3/8, 4 என்றால் .404, 6 என்றால் சின்ன 3/8, 7 என்றால் சின்ன 1/4. டிரைவ் லிங்கில் உள்ள எண் கேஜ்: 1, 3, 5, 6 என்பவை 1.1, 1.3, 1.5, 1.6 மி.மீ. ஆகவே பெட்டியில் "63" என்று தொடங்கினால் சின்ன 3/8, 1.3 மி.மீ.; "26" என்றால் .325, 1.6 மி.மீ. இது தெரிந்துவிட்டால் பெட்டியைப் பார்த்தவுடனேயே நம்முடையதா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

எந்த எண்ணும் இல்லாத லோக்கல் செயினா? அளந்துவிடலாம். அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளை எடுத்துக்கொண்டு, முதல் ரிவெட்டின் மையத்திலிருந்து மூன்றாவதன் மையம்வரை அளந்து பாதியாக்கினால் பிட்ச். பாதியாக்காமலே பார்ப்பது இன்னும் சுலபம்: .325 செயினில் அந்தத் தூரம் பதினாறரை மி.மீ., 3/8-ல் கிட்டத்தட்ட 19 மி.மீ., .404-ல் இருபதரை மி.மீ. பள்ளிக்கூட ஸ்கேலிலேயே .325-ஐயும் 3/8-ஐயும் பிரித்துவிடலாம். கேஜுக்கு மட்டும் வெர்னியர் வேண்டும். 1.5-க்கும் 1.6-க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்து லேத் பட்டறையில் கொடுத்தால் ஒரு நிமிட வேலை. டிரைவ் லிங்க் தேய்ந்திருக்கலாம் என்பதால் ஒன்றுக்கு நாலு லிங்க்கை அளந்து, வந்த அளவுகளில் பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இதில் கேஜைப் பற்றித்தான் கடைகளில் அதிகம் அலட்சியம் பார்க்கிறேன். 1.5 மி.மீ. பள்ளத்தில் 1.6 மி.மீ. செயின் இறங்காது, அதனால் அந்தத் தப்பு தானே தெரிந்துவிடும். 1.3 மி.மீ. செயின் அதே பள்ளத்தில் தாராளமாக இறங்கும், ஓடவும் ஓடும். ஆனால் பக்கவாட்டில் சாயும். வெட்டு நேராகப் போகாமல் வளையும், பாரின் இரண்டு உதடுகளும் ஏறுமாறாகத் தேயும். "கொஞ்சம் லூசா இருந்தா என்ன, ஓடுதுல்ல" என்று சொல்லிக் கொடுத்தால் வாங்காதீர்கள். கழன்று வந்தால் கையைக் கிழிக்கக்கூடிய பொருள் இது. முழு வேகத்தில் செயின் நொடிக்கு சுமார் 20 மீட்டர் ஓடும்.

மூன்றாவது, எண்ணிக்கை. ஒரே 16 இன்ச் பார்தான். ஒரே லோ புரொஃபைல் 3/8 தான். ஸ்டில் சின்ன மெஷினில் 55 டிரைவ் லிங்க், ஹஸ்க்வர்னா சின்ன மெஷின்கள் பலவற்றில் 56, எக்கோவில் 57. பாரின் வால் பகுதியும் ஸ்ப்ராக்கெட் இருக்கும் தூரமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதால் இப்படி. ஒரு லிங்க் குறைந்தாலும் ஏறாது. எனவே பழைய செயினைத் தரையில் நீட்டிவைத்து, எண்ணிய இடத்தில் சாக்பீஸால் குறிபோட்டு, இரண்டிரண்டாக எண்ணுங்கள். பழைய செயினையும் புதுச் செயினையும் தொங்கவிட்டு நீளம் பார்ப்பது சரியான வழி அல்ல. ரிவெட்டுகள் தேய்ந்து பழையது நீண்டிருக்கும். எண்ணிக்கை மட்டும் மாறாது.

ஏமாந்துபோகக்கூடிய ஓர் இடத்தை மறக்காமல் சொல்லிவிட வேண்டும். 3/8 என்று இரண்டு செயின்கள் இருக்கின்றன. 60 சிசிக்கு மேற்பட்ட பெரிய மெஷினில் ஓடும் முழு 3/8 ஒன்று. 30, 40 சிசி மெஷினிலும் கரண்ட் மெஷினிலும் ஓடும் லோ புரொஃபைல் 3/8 மற்றொன்று. பெயர் ஒன்றுதான், உடம்பு வேறு. பல்லின் உயரமும் டிரைவ் லிங்கின் வடிவமும் ஒத்துப்போகாது. பெட்டியில் "எல்பி", "பிக்கோ", "மினி" என்று ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இடையில் இருக்கும் 45 முதல் 58 சிசி மெஷின்கள் பெரும்பாலும் .325 பிட்ச். ஆன்லைனில் விற்கும் 22 இன்ச், 58 சிசி சீன மெஷின்களும் அதில்தான் வரும். கேஜ் அநேகமாக 1.5 மி.மீ. "அநேகமாக" என்பதை நம்பி மட்டும் வாங்க வேண்டாம், எண்ணி அளந்து வாங்குங்கள்.

பல்லின் மூலை

எண்கள் முடிந்தன. இனி மரம் பேசும்.

இன்றைய செயினின் பல்லுக்கு ஒரு நல்ல கதை உண்டு. 1946-ல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் பஃபோர்ட் காக்ஸ் என்ற மரம்வெட்டி, ஒரு வண்டின் புழு அடிமரத்தைக் குடைவதைக் கவனித்துக்கொண்டிருந்தார். அது தாடையை இடமும் வலமும் ஆட்டி, மரநாரின் குறுக்கேயும் நெடுக்கேயும் ஒரே சுலபத்தில் தின்றுகொண்டே போனது. அந்தத் தாடையைப் பார்த்து அவர் செய்த சி வடிவப் பல்தான் 1947-ல் விற்பனைக்கு வந்தது. ஒரு பல் இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று இன்றும் நம் செயினில் மாறி மாறி வருவது அதே ஏற்பாடு. பல்லின் மூலை நாரை அறுக்கிறது. மேல்தகடு இழைப்புளி போல அதைச் சீவி எடுக்கிறது. முன்னால் இருக்கும் மேடு, சீவல் எவ்வளவு தடிமனாக வர வேண்டும் என்று கட்டுப்படுத்துகிறது. மூன்றில் முதலில் மழுங்குவது மூலைதான். அந்த மூலையை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் ஒரு செயினுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள பெரிய வித்தியாசம்.

ஃபுல் சிசல் என்றால் மூலை சதுரமாக, கூர்மையாக இருக்கும். சுத்தமான, மண் ஒட்டாத மரத்தில் இதன் வேகத்தை வேறு எதுவும் எட்டாது. ஆனால் ஒரு தடவை மண்ணைத் தொட்டால் அந்த மூலை போய்விடும். மூலை போனால் வெட்டும் போச்சு. செமி சிசலில் மூலை சற்று உருண்டிருக்கும். வேகம் கொஞ்சம் குறைவுதான், ஆனால் மண், தூசி, காய்ந்த கெட்டி மரம் எல்லாவற்றையும் தாங்கி அதிக நேரம் கூராக நிற்கும். ஸ்டில் பெட்டியில் "எஸ்" என்று முடிந்தால் ஃபுல் சிசல், "எம்" என்றால் செமி சிசல். ஆரிகனில் 21 எல்பிஎக்ஸ் ஃபுல் சிசல். 21 பிபிஎக்ஸ் உருண்ட பக்கத்தைச் சேர்ந்தது.

விற்பவர்கள் ஃபுல் சிசலைத்தான் "புரொஃபஷனல்" என்று தூக்கிக் காட்டுவார்கள். ஐரோப்பாவின் ஊசியிலைக் காட்டில் நிற்கும் மரங்களை நாள் முழுக்க அறுப்பவருக்கு அது சரி. நம் வயலுக்கும் தோப்புக்கும் எது என்று கேட்டால் தயக்கமில்லாமல் செமி சிசல் என்பேன். காரணம் நம் மரங்கள்.

தென்னையை எடுத்துக்கொள்வோம். தென்னந்தண்டில் தேக்குபோல் வளையங்கள் கிடையாது. வெளிப்பக்கம் கருத்து இறுகிய நார், உள்ளே மெத்தென்ற சோறு. அடித்தண்டின் வெளிவட்டம்தான் மிகக் கெட்டி. பனைக் குடும்பத்து மரங்களின் நாரோடு நுண்ணிய சிலிக்கா துகள்களும் சேர்ந்திருக்கும். அதாவது சுத்தமான மரத்திலேயே மணல் கலந்திருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் தென்னையில் எந்த அறுப்புக் கருவியும் சீக்கிரம் மழுங்குகிறது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்த பிறகு தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் தோப்பு தோப்பாகச் சாய்ந்து கிடந்த தென்னைகளை நினைத்துப் பாருங்கள். மரத்துக்குள் சிலிக்கா, மரத்துக்கு வெளியே சேறு. இன்று பொள்ளாச்சிப் பக்கம் வேர்வாடல் நோய் வந்த மரங்களை அகற்றுபவர்களுக்கும் இதே நிலைமைதான். தூரோடு ஒட்டி அறுக்கும்போது பார் மண்ணைத் தொடாமல் இருக்காது. இந்த வேலைக்கு ஃபுல் சிசல் வாங்குவது வீண். செமி சிசல் வாங்கி, அறுக்கும் இடத்தில் ஒட்டியிருக்கும் மண்ணை வெட்டரிவாளால் செதுக்கிவிட்டு அறுத்தால் போதும். நார் வந்து ஸ்ப்ராக்கெட் மூடிக்குள் அடைத்துக்கொள்வதும் தென்னையில் அதிகம். டேங்க் நிரப்பும்போதெல்லாம் திறந்து எடுத்துவிட வேண்டும்.

பனை இதைவிடக் கெட்டி. அதற்குச் செயின் தேடும் முன் அனுமதி தேட வேண்டும்: பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021-ல் வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே சொல்லிவிட்டது. அது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன்.

சீமைக்கருவேலத்தில் பிரச்சினை வேறு. மரம் கெட்டி, ஆனால் பருமன் குறைவு. நாலாபக்கமும் வளைந்த கிளைகள். பார் நுனியின் மேல் கால்பகுதி ஏதாவது ஒரு கிளையில் தெரியாமல் இடித்தால் மெஷின் அப்படியே நம் முகத்தை நோக்கி எழும்பும். இதைத்தான் கிக்பேக் என்கிறார்கள். இதற்கென்றே லோ கிக்பேக் செயின் உண்டு. பல்லுக்கு முன்னால் கூடுதலாக ஒரு மேடு இருக்கும். ஸ்டில் பெட்டியில் "பிஎம்3", "ஆர்எம்3" என்று கடைசியில் வரும் 3 அதைத்தான் குறிக்கிறது. நுனியைக் குத்தி உள்ளே இறக்கும் வேலையில் இது மந்தமாக இருக்கும் என்பது உண்மை. வேலி ஓரம், புதர் என்று அறுப்பவருக்கும் புதிதாக மெஷின் பிடிப்பவருக்கும் அந்த மந்தம் ஒரு பொருட்டே இல்லை. இதையே வாங்குங்கள்.

தேக்கு, வேம்பு, மா போன்றவற்றை மட்டும், அதுவும் தரையில் போடாமல் கட்டைமேல் தூக்கிவைத்து அறுப்பவர் ஃபுல் சிசலைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். காய்ந்த சவுக்கு, வைரம் பாய்ந்த புளி இரண்டுக்கும் செமிதான்.

கார்பைடு தேவையா?

பல்லின் முனையில் டங்ஸ்டன் கார்பைடு ஒட்டிய செயின்கள் கிடைக்கின்றன. ஸ்டில்லில் "டியூரோ" என்ற பெயரில் வருபவை அப்படிப்பட்டவை. மண்ணும் மணலும் கலந்த இடத்தில் சாதாரணச் செயினைவிடப் பல மடங்கு நேரம் கூர் நிற்கும். தென்னைக்கு அதுதானே சரி என்று தோன்றும். நாள் முழுக்கத் தென்னையே அறுக்கிற கான்ட்ராக்டருக்குச் சரிதான். ஆனால் விலை அதிகம். சாதாரண வட்ட அரத்தால் தீட்டவும் முடியாது, டைமண்ட் சக்கரம் வேண்டும். நம் ஊர்ச் சாணைபிடிப்பவர் எல்லோரிடமும் அது இருக்காது. இன்னொன்று, கார்பைடு மணலைத் தாங்கும், ஆணியைத் தாங்காது. சாலையோரப் புளியமரத்தில் போர்டு மாட்டி மாட்டி ஆணி எத்தனை இருக்கும் என்று சொல்ல முடியுமா? ஓர் ஆணி பட்டால் முனை சிதறும். சாதாரணச் செயினிலும் பல் போகும்தான், ஆனால் அதை அரத்தால் மீட்டுவிடலாம். வருடத்தில் சில நாள் மட்டும் மெஷினைத் தூக்கும் விவசாயிக்குக் கார்பைடு தேவையில்லை. அந்தப் பணத்துக்கு நல்ல செமி சிசல் செயின் இரண்டும் அரமும் வாங்கிவிடலாம்.

விழுந்த மரத்தை நெடுக்காக அறுத்துப் பலகையாக்க நினைப்பவருக்கு மட்டும் ரிப்பிங் செயின். சாதாரணச் செயினில் மேல்தகட்டின் கோணம் 30 டிகிரி அளவில் இருக்கும், இதில் 10 டிகிரி. பலகை வழவழப்பாக வரும். குறுக்கு அறுப்புக்கு இது உதவாது.

கம்பெனிச் செயினா, லோக்கலா, ரோலா?

மெஷின் கம்பெனியின் சொந்தச் செயின்தான் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மூன்று எண்களும் ஒத்துப்போனால் ஸ்டில் மெஷினில் ஆரிகன் செயின் நன்றாகவே ஓடும். ஆகவே பேர்பெற்ற கம்பெனிகளுக்குள் எது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பக்கத்தில் தொடர்ந்து கிடைப்பதை எடுங்கள்.

பேரே இல்லாத மலிவுச் செயின் வேறு விஷயம். அதன் குறை பார்வைக்குத் தெரியாது. இரும்பைப் பதப்படுத்தியதிலும் ரிவெட்டிலும்தான் ஒளிந்திருக்கும். அறுக்க ஆரம்பித்ததும் நீண்டுகொண்டே போகும், அடிக்கடி டென்ஷன் வைக்க வேண்டியிருக்கும். ஒரு பல் கெட்டியாகவும் அடுத்தது மெத்தென்றும் இருப்பதால் அரம் போட்டாலும் சமமாக வராது. எப்போதோ ஒரு விறகுக்கட்டை என்றால் ஓட்டிக்கொள்ளலாம். ஆள்கூலி கொடுத்து நாள் முழுக்க அறுக்கும்போது, செயினில் மிச்சம்பிடித்த பணம் கூலியில் போய்விடும்.

நடுவில் மூன்றாவது வழி ஒன்று உண்டு: பெரிய கடைகளில் நல்ல கம்பெனியின் செயினை ரோலாக வைத்திருந்து, கேட்கும் எண்ணிக்கைக்கு வெட்டி ரிவெட் அடித்துக் கொடுப்பார்கள். பெட்டிச் செயினைவிட விலை குறையும். அபூர்வ எண்ணிக்கை உள்ள மெஷினுக்கு இது வரப்பிரசாதம். ஒன்றை மட்டும் பாருங்கள். சேர்த்த இடத்தைக் கையில் பிடித்து மடக்கினால் மற்ற இணைப்புகளைப் போலவே சுலபமாக மடங்க வேண்டும். இறுக்கமாக நின்றாலோ பக்கவாட்டில் ஆடினாலோ அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சுத்தியலால் தட்டி முடிக்காமல், ரிவெட் சுழற்றும் கருவி வைத்திருக்கும் கடையாக இருந்தால் நல்லது.

பழையதே போதுமா?

புதுச் செயின் வாங்க வருபவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது ஓர் அரம்தான். சீவல் வராமல் மாவுபோலத் தூள் கொட்டினால் செயின் மழுங்கிவிட்டது என்று பொருள், செத்துவிட்டது என்று அல்ல. பல்லின் மேல்தகடு 4 மி.மீ. நீளம் மிஞ்சும்வரை தேயலாம், பல செயின்களில் அதற்கு ஒரு கோடே போட்டிருப்பார்கள். அதுவரை தீட்டி ஓட்டலாம். லோ புரொஃபைல் 3/8-க்கு 4 மி.மீ. வட்ட அரம், .325-க்கு 4.8, முழு 3/8-க்கு 5.2, .404-க்கு 5.5. எல்லாப் பல்லும் ஒரே நீளம் வரும்படி, ஒவ்வொன்றுக்கும் ஒரே எண்ணிக்கையில் அரம் இழுக்க வேண்டும். சில தடவை தீட்டிய பிறகு முன்மேட்டையும் தட்டை அரத்தால் குறைக்க வேண்டும். பல்லைவிட அது 0.65 மி.மீ. தாழ்ந்திருந்தால் சரி. பலர் இதை விட்டுவிட்டு, "தீட்டியும் அறுக்கலை" என்று செயினைத் தூக்கிப் போடுகிறார்கள்.

பல் உடைந்திருந்தாலோ, டிரைவ் லிங்கின் அடி வளைந்து பிசிறு கட்டியிருந்தாலோ, ரிவெட் ஆடினாலோ யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். டென்ஷன் ஸ்க்ரூ கடைசிக்கு வந்துவிட்ட செயினில் ஒரு லிங்க்கை எடுத்துவிட்டு ஓட்டும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அத்தனை ரிவெட்டும் தேய்ந்துதான் அது நீண்டிருக்கிறது. அதை ஓட்டாதீர்கள்.

புதுச் செயின் மாட்டும் அன்று ஸ்ப்ராக்கெட்டையும் பாருங்கள். பல்லில் செயின் பதிந்த தடம் அரை மி.மீ. ஆழத்துக்கு மேல் போயிருந்தால், புதுச் செயினை அதுவே சீக்கிரம் கொன்றுவிடும். பொதுவாக இரண்டு செயினுக்கு ஒரு ஸ்ப்ராக்கெட் என்று கணக்கு. அதனால் நான் பரிந்துரைப்பது: ஒரே எண்ணில் இரண்டு செமி சிசல் செயின், அவற்றோடு ஒரு ஸ்ப்ராக்கெட், பொருத்தமான அரம் ஒன்று, எல்லாம் ஒரே நாளில் வாங்குவது. மாட்டும் முன் செயினை எண்ணெயில் ஊறப்போட்டு, முதலில் லேசான கட்டைகளை அறுத்து, செயின் ஆறிய பிறகு டென்ஷனை மறுபடி சரிபாருங்கள். வண்டியில் இறக்கிய கழிவு ஆயிலைச் செயின் டேங்கில் ஊற்றாதீர்கள். அதில் இருக்கும் உலோகத் துகள் ஆயில் பம்பையும் பாரையும் தின்னும். இரண்டு செயினையும் மாற்றி மாற்றி ஓட்டினால் அவையும் ஸ்ப்ராக்கெட்டும் சேர்ந்தே தேயும். தோப்பில் ஒன்று மழுங்கும்போது மற்றொன்று பையில் இருக்கும்; தீட்டும் வேலையைச் சாயங்காலம் உட்கார்ந்து நிதானமாகச் செய்துகொள்ளலாம்.